சாந்தமேரி இரண்டு முறை இறந்த விவரம்

சாந்தமேரி முதல் முறை இறந்தது ஒரு புதன்கிழமை காலை பத்து மணி பதினான்கு நிமிடத்துக்கு. அந்த நேரத்தில் அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தாம் இறந்துபோனது அவருக்குத் தெரியாது. எல்லா வெங்காயத்தையும் உரித்து முடித்தார் என்று அவருடைய கணவர் கொர்னேலியஸ் பிற்பாடு பல மேசைகளின் முன்னால் நின்று சாட்சி சொன்னார். யாரும் அதை எழுதிக்கொள்ளவில்லை.

இது நடந்தது தொண்ணூற்றோராம் வருடம், மலாய் நாட்டுத் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், ரயில் பாதையை ஒட்டி நின்ற ஒரு நாலு மாடி ஃபிளாட்டில். கொர்னேலியஸ் முப்பத்து மூன்று வருடம் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் ஊதிப் பச்சைக் கொடி காட்டினால் ரயில் புறப்படும், சிவப்பைக் காட்டினால் நிற்கும். உலகத்தில் மற்ற காரியங்களும் அப்படித்தான் நடக்கின்றன என்று அவர் மனதார நம்பினார். ஃபாரத்தை ஒழுங்காகப் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டால் மீதியை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்பதும் அவர் நம்பிக்கை. இப்படிப்பட்ட நல்ல மனிதர்களின் புண்ணியத்தில்தான் நம் அலுவலகங்கள் பிழைத்துக் கிடக்கின்றன.

சாந்தமேரிக்கு முதுகெலும்பில் ஏதோ நரம்பு கெட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. வாய்க்கு ஒரு குறையும் வரவில்லை. வீடு நாலாவது மாடியில். லிப்ட் கிடையாது.

அந்த வருடத் தொடக்கத்தில் சுமத்ரா பக்கம் எங்கோ நிலம் நடுங்க, இங்கே கட்டில் ஆடியது. சுவரிலிருந்த திருஇருதயப் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதை நேராக்கப் போன கொர்னேலியஸ் படத்துக்குப் பின்னால் ஒரு விரிசலைப் பார்த்தார். கூரையில் தொடங்கி மனைவியின் தலைமாடுவரை இறங்கியிருந்தது. அன்றைக்குப் பென்சில் முனை போகுமளவுக்குத்தான் இருந்தது. ஈஸ்டர் வருவதற்குள் முழுப் பென்சிலும் போனது. சரக்கு ரயில் போகும்போதெல்லாம் தலையணையில் சுண்ணாம்பு உதிர்ந்தது.

அவர் முறைப்படி வீடமைப்பு அலுவலகத்துக்குப் போனார். சுவர் நிலநடுக்கத்தால் வெடித்திருக்கிறது, நிலநடுக்கம் தங்கள் இலாகா இல்லை என்று அங்கே சொன்னார்கள். ஆனால் ஒரு நல்ல வார்த்தையும் சொன்னார்கள். தரைத்தளத்தில் மூன்றாம் எண் வீடு காலியாகப் போகிறது. நடக்க முடியாதவர் இருக்கும் குடும்பத்துக்குத்தான் முதலிடம். அடுத்த மாதக் கடைசியில் முடிவு செய்வார்கள். கொர்னேலியஸ் அங்கேயே நின்று விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தார். தரைத்தளத்து வீடு கிடைத்தால் மேரியை வாசலில் உட்காரவைக்கலாம், மாதா கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சுவருக்கு அடியிலிருந்து அவரை எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு கொர்னேலியஸ் வேறு எதையும் நினைக்கவில்லை.

சுவர் விஷயமாகத்தான் அவர் நிலநடுக்க, பேரலை ஆயத்த வாரியத்தின் வாசலை மிதித்தார். வாரியம் பதினேழாவது மாடியில் இருந்தது. சுமத்ரா ஆடிய அன்று வாரியத்து ஊழியர்கள் அத்தனை பேரும் எல்லோருக்கும் முன்னால் தெருவுக்கு இறங்கிவிட்டார்கள் என்று அந்தக் கட்டடத்துக் காவலாளி இன்றும் பெருமையாகச் சொல்வார். நடுக்கத்தை அளக்கும் கருவியின் பிளக்கைக் கழற்றிவிட்டு யாரோ தண்ணீர் கொதிக்கவைத்திருந்தார்கள். அதனால் நடுங்கியது நிலநடுக்கம்தான் என்பது மறுநாள் பேப்பரைப் பார்த்த பிறகுதான் வாரியத்துக்கு உறுதியானது.

துணை இயக்குநர் சண்முகரத்தினம் கொர்னேலியஸை உட்காரச் சொன்னார். மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் குடும்பம். வீட்டில் பேசும் யாழ்ப்பாணத் தமிழை அலுவலகத்துக்கும் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொண்டுவருபவர்.

"மிஸ்டர் கொர்னேலியஸ், சுவர் பூசிறது எங்கட வேலை இல்லை. நாங்கள் சனத்தை ஆயத்தப்படுத்திறனாங்கள். சுவர் விழுமோ விழாதோ எண்டது எங்களுக்குத் தேவையில்லாத விசயம். விழும்போது நீங்கள் ஆயத்தமா இருக்க வேணும். விளங்குதோ?"

"என் ஒய்ஃபுக்கு நடக்க முடியாது சார். செவுரு நேரா தல மேலதான் விழும்."

"அதுக்குத்தான் இந்தக் கையேடு."

கையேட்டில் ஒரு படம் இருந்தது. ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. கொர்னேலியஸ் வீட்டுக்கு வந்து மேசைக்கு அடியில் போய்ப் பார்த்தார். அவருடைய தலைக்கும் ஒரு தோளுக்கும்தான் இடம் இருந்தது. கட்டிலிலிருந்து இதைப் பார்த்த சாந்தமேரி, "நீங்க மட்டும் பொழச்சி என்னா பண்ணப் போறீங்க? வெளிய வாங்க. இடுப்பு புடிச்சிக்கப் போவுது" என்றார்.

அந்தப் புகாரால் வாரியத்துக்கு ஒரு லாபம் இருந்தது. பயிற்சி நடத்த அவர்களுக்கு ஒரு கட்டடம் தேவைப்பட்டது. விரிசல் விட்ட கட்டடம் வலிய வந்து மாட்டியது. அடுத்த புதன்கிழமையே வந்துவிட்டார்கள். ஒலிபெருக்கி வந்தது, சைரன் வந்தது, பச்சைச் சீட்டும் கறுப்புச் சீட்டும் கட்டுக் கட்டாக வந்தன. சைரன் ஊதி நான்கு நிமிடத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் கீழே பூப்பந்துத் திடலுக்கு வந்துவிட வேண்டும். வந்தவர்களுக்குப் பச்சைச் சீட்டு. அவர்கள் பிழைத்தவர்கள். வராதவர்களுக்குக் கறுப்பு.

மூன்றரை நிமிடத்தில் இருநூற்றுப் பதினோரு பேர் திடலில் நின்றார்கள். கொர்னேலியஸ் மூச்சிரைக்கச் சண்முகரத்தினத்திடம் ஓடினார்.

"சார், என் ஒய்ஃப் மேல இருக்காங்க. ரெண்டு ஆள அனுப்புனீங்கன்னா தூக்கிட்டு வந்துரலாம்."

சண்முகரத்தினம் கடிகாரத்தைப் பார்த்தார். "தூக்கி வர எவ்வளவு நேரம் செல்லும்?"

"கால் மணி நேரம் ஆவும் சார். பாத்து மெதுவாதான் எறக்கணும்."

"கால் மணி நேரத்தை நான் மேலிடத்துக்குக் காட்ட ஏலாது. நான்கு நிமிசம் எண்டா வெற்றி. ஓர் உயிர்ச்சேதம் எண்டதும் ஏற்றுக்கொள்ளக்கூடியதுதான்; கையேட்டிலயே ஒண்டு வரைக்கும் விட்டிருக்கு. ஆனா கால் மணி நேரத்துக்குக் கையேட்டில இடமே இல்லை. நீங்களே சொல்லுங்கோ, நான் என்ன செய்ய?"

அவர் கேட்ட விதத்தில் கொர்னேலியஸுக்கே அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. மணி பத்து பதினான்கு. பேரேட்டில் ஒரு கோடு விழுந்தது. ஒரு சிப்பந்தி கறுப்புச் சீட்டோடு நாலு மாடி ஏறிப் போய், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கையில் அதைக் கட்டிவிட்டு, "சாரி ஆன்டி" என்று சொல்லிவிட்டு வந்தான். சாந்தமேரி அந்தச் சீட்டை ஜெபப் புத்தகத்தில் பக்கம் மறக்காமலிருக்க வைத்துக்கொண்டார்.

விளையாட்டுச் சீட்டு என்றுதான் இருவரும் நினைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று வாரியத்தின் இயக்குநர் அனுப்பிய அனுதாபக் கடிதம். மற்றது வீடமைப்பு அலுவலகத்திலிருந்து வந்தது. வாரியம் அனுப்பிய பட்டியலின்படி தங்கள் மனைவி காலமாகிவிட்டதால், குடும்பத்தில் நடக்க முடியாதவர் எவரும் இல்லை. ஆகவே தரைத்தள வீட்டுக்கான விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. புதிய விவரம் இருப்பின் மாதக் கடைசிக்குள் தெரிவிக்கவும்.

கொர்னேலியஸ் கடிதத்தை மூன்று தடவை படித்தார். பிறகு போய் மனைவியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னாங்க, காய்ச்சலா எனக்கு?"

"இல்ல மேரி. சும்மாதான் பாத்தேன்."

மறுநாளே பதினேழாவது மாடி. சண்முகரத்தினம் கோப்பைத் திறந்து, எந்தத் தவறும் நடக்கவில்லை என்று திருப்தியோடு மூடினார்.

"உங்கட மிசிஸ் உயிரோட இருக்கிறா எண்டு நான் தனிப்பட்ட முறையில நம்புறன். ஆனா என்ர நம்பிக்கையை நகல் எடுத்து அனுப்ப ஏலாது பாருங்கோ. பயிற்சியில இறந்தவையை உயிரோட எழுப்ப எங்களிட்ட ஃபாரம் இல்லை. இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை."

"அப்ப நான் என்னாதான் சார் செய்யிறது? மாசக் கடேசில வீட்ட வேற யாருக்காச்சும் குடுத்துருவாங்க. செவுரு நாளுக்கு நாள் தொறந்துகிட்டே போவுது சார்." அறுபத்தோரு வயது மனிதர், அடுத்தவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சண்முகரத்தினமும் மனிதர்தான். யோசித்தார். "ஒரு வழி இருக்கு. ஒரு பயிற்சியின்ர முடிவை இன்னொரு பயிற்சியின்ர முடிவு மாற்றும். இருபத்தாறாம் திகதி அதே கட்டடத்தில அடுத்த பயிற்சி. அதில உங்கட மிசிஸ் பச்சைச் சீட்டு எடுத்தா, அண்டைக்கே வீடமைப்புக்கு நகல் போகும். உயிர் பிழைக்கிறது இனி உங்கட கையில."

வெங்காயம் உரிக்கும் மனைவி உயிரோடு இருக்கிறார் என்று நிரூபிக்க இருபது நாள் இருந்தது. கொர்னேலியஸ் இரண்டாவது மாடி விஜயனிடம் போனார். விஜயன் வீடு மாற்றும் லோரியில் வேலை பார்ப்பவன். அலமாரி, பியானோ எதுவானாலும் படியில் இறக்கிவிடுவான்.

"கவலப்படாதீங்க அங்கிள். ஆன்டி என்னா, பியானோ வெயிட்டா இருக்கப் போறாங்க?" என்றான்.

முதலில் பிரம்பு நாற்காலியில் அரிசி மூட்டையைக் கட்டி இறக்கிப் பழகினார்கள். பதினோரு நிமிடம் ஆனது. பிறகு சாந்தமேரியைக் கட்டினார்கள். ஒன்பது, எட்டு, ஏழு. படிக்கட்டுத் திருப்பத்தில் கைகள் மாற வேண்டும். அதற்கு ஒரு விசில். இறக்குவதற்கு இரண்டு விசில். கொர்னேலியஸ் பழைய ரயில்வே விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு நாளும் சாந்தமேரியின் முழங்கை சுவரில் உரசித் தோல் போனது. இறக்கிய பிறகு மறுபடி மேலே ஏற்ற வேண்டும். அதற்குள் கொர்னேலியஸின் முதுகு விட்டுப்போகும். பன்னிரண்டாம் நாள் மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவர் கால் இடற, நாற்காலி நாலு படி தானாக இறங்கியது. விஜயன் மார்பைக் கொடுத்துத் தாங்கினான்.

சாந்தமேரி அன்று வாய்விட்டு அழுதார். "என்னைய விட்டுருங்க. நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன். உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா அப்பறம் எனக்கு யாரு இருக்கா?"

"மேரி, நீ உயிரோட இருக்க."

"அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். போதாதா?"

போதாது. அன்று மாலை அவர் விசிலை விரிசலில் வைத்துப் பார்த்தார். உள்ளே போய் நின்றுகொண்டது. கட்டிலை நகர்த்தலாம் என்றால், எட்டுக்குப் பத்து அறையில் கட்டிலை எங்கே போட்டாலும் அந்தச் சுவரின் நீளத்துக்குள்தான் இருந்தது. கூடத்தில் கட்டிலைப் போட்டால் கழிவறைக்குப் போகும் வழியே அடைபட்டது. கொர்னேலியஸ் மனைவியின் பக்கத்தில் தரையில் படுத்து, ஒவ்வொரு ரயிலையும் எண்ணினார்.

இருபத்தைந்தாம் தேதி நேரம் மூன்று நிமிடம் நாற்பத்தைந்து வினாடிக்கு வந்துவிட்டது. விஜயன் கொர்னேலியஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

இருபத்தாறாம் தேதி காலை பத்தரைக்குச் சைரன் ஊதியது. சாந்தமேரி கோயிலுக்குக் கட்டும் சேலையோடு, மடியில் ஜெபப் புத்தகத்தோடு நாற்காலியில் தயாராக இருந்தார். கொர்னேலியஸ் இரண்டு விசில் கொடுத்தார். நாற்காலி இறங்கியது.

மூன்றாவது மாடியில் எதிரே ஆட்கள் ஏறி வந்தார்கள். இரண்டாவது மாடியில் இன்னும் அதிகமாக ஏறி வந்தார்கள். யாரோ, "அங்கிள், மேல, மேல!" என்று கத்தினார்கள். ஒலிபெருக்கி மலாயில் ஏதோ இரைந்தது. கொர்னேலியஸ் எதையும் காதில் வாங்கவில்லை. வழி விடச் சொல்லி விசில் ஊதிக்கொண்டே இறங்கினார். திடலில் நாற்காலியின் நாலு காலும் பதிந்தபோது மூன்று நிமிடம் நாற்பது வினாடி. அவர் வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

திடலில் வேறு ஒருவரும் இல்லை. ஒரு பக்கம் மூன்றடி உயர மேடை. அதன் மேல் இயக்குநர், மைக், பூச்சாடி, சண்முகரத்தினம்.

"சார், வந்துட்டோம்! மூணு நாப்பது! பச்சைச் சீட்டு குடுங்க சார்."

சண்முகரத்தினம் மேடை விளிம்புவரை வந்தார். முகத்தில் உண்மையான வருத்தம். "மிஸ்டர் கொர்னேலியஸ், இண்டைக்குப் பேரலைப் பயிற்சி. பேரலை எண்டா மேல ஏற வேணும்."

கொர்னேலியஸுக்குப் புரியவில்லை. சண்முகரத்தினம் பொறுமையாக விளக்கினார். அலை காலையில், இருபது மைலுக்கும் மேல் தள்ளியிருக்கும் கிள்ளான் துறைமுகத்தில் கரையேறியது. ஃபெடரல் ஹைவே வழியாகச் சரியாகப் பத்து முப்பதுக்குப் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தது.

"டோல்ல நிக்கலயா சார் அது?" என்று விஜயன் கேட்டான்.

"கிள்ளான்லதான சார் கடல் இருக்கு? அங்க செய்யக்கூடாதா?" கொர்னேலியஸின் குரல் எங்கிருந்தோ வந்தது.

"அங்க செய்தா சனம் உண்மையாவே பயந்துபோகும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்..."

"பேரலை நோட்டீஸ் ஒட்டிப்போட்டு வராது பாருங்கோ." அவர் குனிந்து மூன்று கறுப்புச் சீட்டுகளை நீட்டினார். "நான் கீழ இறங்க ஏலாது, குறை நினையாதேங்கோ. நீங்கள் நிக்கிற இடத்தில இப்ப இருபது அடி தண்ணி. மேடை மட்டும் விதிவிலக்கு. உண்மையைச் சொன்னா, நீங்கள் உங்கட மிசிஸைக் கட்டிலிலயே விட்டிருந்தா, இந்தக் கட்டடத்தில முதலாவதா உயிர் பிழைச்ச ஆள் அவதான்."

கொர்னேலியஸ் திடலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருபது நாள் முதுகு வலியையும் அந்த முழங்கைத் தோலையும் நினைத்துச் சத்தமாக அழுதார். முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு ரயிலைக்கூடத் தாமதமாக அனுப்பாத மனிதர் அவர்.

இயக்குநர் இதைக் கவனிக்கவில்லை, பேச்சைத் தொடங்கியிருந்தார். "நமது நாட்டில் பேரலையால் இதுவரை ஒருவரும் இறந்ததில்லை. இது இந்த வாரியத்தின் சாதனை. வாரியம் தொடங்குவதற்கு முன்னும் ஒருவரும் இறந்ததில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது தற்செயல்."

மேலே நாலாவது மாடி நடையில் இருநூற்றொன்பது பேர் தோளோடு தோள் இடித்து நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மாடி ஒருநாளும் அத்தனை பேரைச் சுமந்ததில்லை.

பெரிய சத்தம் ஒன்று கேட்டது. சாந்தமேரியின் ஜன்னல் வழியே வெள்ளைப் புழுதி கிளம்பியது. பக்கச் சுவரில் ஒரு கதவளவு ஓட்டை. அதன் வழியே வெளிச்சம் தெரிந்தது; செங்கல் குவிந்து கிடந்த கட்டிலின் இரும்புக் கால் ஒன்று தெரிந்தது. திருஇருதயப் படத்தைக் காணவில்லை.

"ஒலி ஏற்பாடு பிரமாதம்" என்றார் இயக்குநர் மைக்கில்.

மேலே அலறல். நடை லேசாக அதிர்ந்தது. ஜனங்கள் படிக்கட்டை நோக்கித் திரும்பினார்கள். சண்முகரத்தினம் மைக்கைப் பிடுங்கினார். "ஒருத்தரும் இறங்க வேண்டாம்! அலை இன்னும் வடியேல்லை! பதினொன்று பத்துக்குத்தான் வடியும்! இறங்கினா நீங்கள் செத்தவை!"

ஜனங்கள் நின்றுவிட்டார்கள். ஒலிபெருக்கி சொன்னால் நின்று பழகியவர்கள். கொர்னேலியஸும் அப்படிப் பழகியவர்தான். அவர் மனைவியைப் பார்த்தார். சாந்தமேரி தம் கட்டில் இருந்த இடத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கொர்னேலியஸ் எழுந்தார். மேடையில் கட்டாக இருந்த பச்சைச் சீட்டுகளில் ஒரு பிடியை அள்ளிக்கொண்டு, படிக்கட்டு தெரியும் இடத்தில் போய் நின்று, கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, நீளமாக ஒரு விசில் கொடுத்தார். ரயில்பாதை ஓரத்தில் பிறந்து வளர்ந்த ஜனங்கள். விசிலுக்கும் பச்சைக்கும் அர்த்தம் தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. நாலாவது மாடி காலியானது. பிறகு மூன்றாவது, இரண்டாவது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, ஒருவரையும் மிதிக்காமல் இறங்கினார்கள். விஜயன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு நிமிடம் ஆவதற்கு முன் இருநூற்றொன்பது பேரும் திடலில் நின்றார்கள்.

"இப்ப எல்லாரும் செத்துப் போச்சினம்" என்றார் சண்முகரத்தினம் மெல்லிய குரலில். இயக்குநர் காரில் ஏறிவிட்டிருந்தார்.

கொர்னேலியஸ் மேடைக்கு வந்தார். "சார், செவுரு விழுந்துருச்சி. இன்னிக்கு ராத்திரி அவங்கள எங்க சார் படுக்க வைப்பேன்? மூணாம் நம்பர் வீட்டுக்கு ஒரு லெட்டர், ஒரே ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. உங்க கண்ணால பாத்தீங்கல்ல?"

"இண்டைக்கு நிலநடுக்கம் ஒண்டும் பதிவாகேல்லை. சுவர் சும்மா விழுந்திருக்கு. சும்மா விழுந்தா அது வீடமைப்பு. ஆனா வீடமைப்புக்கு நான் அனுப்பப்போற பட்டியலில இந்தக் கட்டடத்தில உயிரோட ஒருத்தரும் இல்லை. யாருக்கு வீடு குடுக்கிறது?" அவர் அதைச் சொன்னபோது குரலில் கோபம் இல்லை, கணக்கு வராத மாணவனின் குழப்பம்தான் இருந்தது. பிறகு கறுப்புச் சீட்டுக் கட்டைப் பிரித்து, திடலில் நின்றவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுக்கத் தொடங்கினார். நூற்றைம்பதோடு கட்டு தீர்ந்துவிட்டது. அவர் மேசைக்கு அடியில், பூச்சாடிக்குப் பின்னால் என்று தேடினார்.

பிரம்பு நாற்காலியில் கயிற்றால் கட்டியபடியே இருந்த சாந்தமேரி ஜெபப் புத்தகத்தைத் திறந்தார்.

"சார், கறுப்புச் சீட்டு பத்தலயா? என்னோடத எடுத்துக்குங்க. எனக்கு இன்னிக்குக் குடுத்தது ஒண்ணு இருக்கு. இது போன பயிற்சில செத்தது."

சண்முகரத்தினம் மேடையிலிருந்து இறங்காமல் நன்றாகக் குனிந்து, கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். திருப்பிக் கொடுத்ததற்கு அடையாளமாக ஒரு கையெழுத்தும் கேட்டார்.